பன்னிரண்டாம் தேதி பச்சை

கல்யாண மண்டபத்துத் தேதி வேறு, காலண்டர் தேதி வேறு. இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு இடம் இல்லை என்றார் முதலாளி. அதனால் என் மகள் கல்யாணத்தின் முதல் நாள் மாலை மாப்பிள்ளை வீட்டார் ரோட்டில் நின்றார்கள். வருஷங்கள் போய்விட்டன. கோபம் போகவில்லை. போகச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். முதலாளியின் பருத்தி மண்டியில் மூட்டை தூக்கினேன். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆன வருஷம் அவர் மண்டபம் கட்டினார். கலெக்டர் ஆபீஸ் வருது, ஜனம் வரும், கல்யாணம் வரும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீ மேனேஜர்" என்றார். சாவி, போன், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், தேதி. இவை ஐந்தும் என் கையில். தேதியை மட்டும் அவரும் கொடுப்பார். மற்ற நான்கை அவர் தொட்டதில்லை.

தேதி என்றால் இப்படி. ஒருவர் பதிமூன்றாம் தேதி முகூர்த்தத்துக்கு மண்டபம் கேட்கிறார். பதிமூன்று அவருக்கு என்று சொல்லிவிட்டால், பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு மணிக்கே சாவி அவர் கைக்குப் போய்விடும். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. இரவு சாப்பாடு. விடிந்தால் தாலி. மதியப் பந்தி முடிந்து மூன்று மணிக்கு சாவி திரும்பி வரும். பதிமூன்று என்று வாயில் சொல்வது பன்னிரண்டு மாலையில் தொடங்குகிறது. இதை நான் யாருக்கும் விளக்கியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் முகூர்த்த நாள் பார்த்து வந்தவர்கள். பன்னிரண்டாம் தேதி மாலை மட்டும் வேண்டும் என்று ஒருவரும் வந்ததில்லை.

அப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

பிறகு திருச்சியில் ஏதோ ஒரு மஹாலுக்கு வெப்சைட் இருக்கிறது என்று முதலாளி காதில் விழுந்தது. அவருக்கும் வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே வேலை பார்த்த பெண் வெப்சைட்டும் செய்து தருவாள் என்றார்கள். பாலிடெக்னிக் முடித்தவள். அவளை வரச் சொன்னார்.

முதலாளி, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவரிடம் வெப்சைட்டுக்கென்று எழுதி வாங்கி வைத்திருந்தார். 'மங்கலம் பொங்கும் மாளிகை' என்று ஆரம்பிக்கும். 'உணவருந்தும் பெருங்கூடம்', 'ஒப்பனை அறை', 'நவீன அடுக்களை' என்று போகும். பெண் அதை வாங்கிப் படித்தாள். மடித்து வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, போன் எடுக்கறது நீங்கதான?"

"ஆமா."

"முகூர்த்த மாசத்துல ஒரு நாள் காலைல நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்துக்கட்டுமா? என்ன கேக்கறாங்கன்னு பாக்கணும்."

"அத எதுக்குப் பாக்கணும்?"

"அவங்க போன்ல கேக்கறதுதான் கம்ப்யூட்டர்லயும் தேடுவாங்க. அதுக்குப் பதில் இல்லன்னா மூடிட்டுப் போயிடுவாங்க."

வந்தாள். ஒரு காலை முழுக்க ஆபீஸ் ரூமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்கும். நான் எடுப்பேன். மறுமுனையில் கேட்பது அவளுக்கும் கேட்கும். அந்தப் போன் அப்படிக் கத்தும்.

"ஒரு பந்திக்கு எத்தனை எலைங்க?"

"கறி ஆக்கலாமா, கூடாதா?"

"கரண்டு போனா என்ன பண்ணுவீங்க?"

"அரியலூர் பஸ்ஸு மண்டபத்துக்கிட்ட நிக்குமா, இல்ல ஸ்டாண்டுல எறங்கி நடக்கணுமா?"

"பொண்ணு ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா? போன வருசம் ஒரு மண்டவத்துல இல்லாம நாங்க பட்ட பாடு!"

கடைசியாகக் கேட்ட அம்மாளுக்கு நான் தாழ்ப்பாள் இருக்கிறது என்றேன். "உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்றார். பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதையும் குறித்துக்கொண்டாள்.

மதியம் கிளம்பும்போது கேட்டாள். "அண்ணே, எல்லாருக்கும் தேதி சொன்னீங்க. எத்தனை மணிலேர்ந்துன்னு ஒருத்தருக்கும் சொல்லலியே?"

"அது எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

சொன்னேன். முதல் நாள் மாலை நாலு மணி, மறுநாள் மூன்று மணி. அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப பதிமூணு புக் ஆனா, பன்னெண்டு சாயங்காலமும் போச்சு. வெளியூர்லேர்ந்து பாக்கறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? மொதல்ல இதத்தான் போடணும்."

சரி என்றேன். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. அது அவள் தொழில்.

பத்து நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் செய்து காட்டினாள். முதலாளியும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். திரையில் மண்டபத்தின் படம். பக்கத்தில் அந்த மாசத்துக் காலண்டர். புக் ஆன நாள் சிவப்பு, காலி நாள் பச்சை. அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி. 'ஒரு தேதி என்றால் அதற்கு முதல் நாள் மாலை 4 மணி முதல் அந்தத் தேதி மதியம் 3 மணி வரை.' அதன் கீழே போன் நம்பர். அப்புறம் கேள்வியும் பதிலுமாக வரும். ஒரு பந்திக்கு எத்தனை இலை. அசைவம் பின்பக்கக் கொட்டகையில் மட்டும். ஜெனரேட்டர் உண்டு. அரியலூர் பஸ் வாசலில் நிற்கும். பெண் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டு.

எனக்குப் படிக்கச் சுலபமாக இருந்தது. நான் போனில் சொல்கிற மாதிரியே இருந்தது.

முதலாளி முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, ஓட்டல் போர்டு மாதிரி இருக்கு. எலை, தாழ்ப்பாளு, பஸ்ஸுன்னு. வாத்தியார் எழுதினது எங்க?"

"சார், போன்ல ஒருத்தர்கூட பெருங்கூடம்னு கேக்கல. எத்தனை எலைன்னுதான் கேட்டாங்க."

"கேக்கறவன் ஆயிரம் கேப்பான். நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல? தொறந்த ஒடனே நாதஸ்வரம் வாசிக்கணும். குத்துவிளக்கு எரியணும். என் போட்டோ வரணும். கை கூப்பி நிக்கற மாதிரி எடுத்து வச்சிருக்கேன்."

"போட்டோ கீழ வச்சுக்கலாம் சார்."

"கீழயா? நான் யாரு வூட்டு வாசல்ல நிக்கறேன்?"

பெண் பொறுமையாகச் சொன்னாள். திறந்தவுடன் தெரிகிற இடம் கையளவுதான். கீழே இழுத்துப் பார்க்கப் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த இடத்தில் வருகிறவருக்கு வேண்டியது இருக்க வேண்டும். முதலாளி திரையில் விரலை வைத்தார். காலண்டருக்குக் கீழே, அந்த வரி இருந்த இடத்தில்.

"இத எடுத்துட்டு இங்க என் போட்டோவ வை."

"சார், அந்த வரி முக்கியம். இல்லன்னா முதல் நாளையும் சிவப்பாக்கிடறேன்."

"ரெண்டு நாள் சிவப்பாக்கினா மண்டபம் எப்பவும் ரொம்பி வழியற மாதிரி இருக்கும். வர்றவன் ஓடிடுவான். முதல் நாள் சாயங்காலம்னு நம்மூருல பால்குடிக்கற புள்ளைக்குக்கூடத் தெரியும். அத எழுதி வச்சா சிரிப்பாங்க." என் பக்கம் திரும்பினார். "என்னடா, சொல்லு."

"இருக்கட்டுங்க, அந்த வரி" என்றேன்.

"உன்ன எவன்டா வெப்சைட்டப் பத்திக் கேட்டான்?" என்றார்.

சொல்லு என்றவரும் அவர்தான்.

வரி போயிற்று. போட்டோ வந்தது. கை கூப்பி, சந்தனப் பொட்டு வைத்து, பட்டுச் சட்டையில். கேள்வி பதிலெல்லாம் போய் வாத்தியார் தமிழ் வந்தது. நாதஸ்வரம் வைத்துப் போட்டுக் காட்டினபோது பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள் எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். முதலாளிக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

அடுத்த வருஷம் என் மகளுக்கு வரன் கூடியது. மீன்சுருட்டிப் பக்கம். நிலம் வைத்திருக்கிறவர்கள். எங்களைவிட ஒரு படி மேல். அவர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். நகை, சீர் எதிலும் கறாராக இல்லை. சம்பந்தி சொன்னார். "எங்க சனம் பெரிசு. மாப்ள அழைப்பு நல்லா இருக்கணும். வந்து நிக்கறப்ப ஒருத்தரும் ஒரு கொறை சொல்லக் கூடாது." சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன். மண்டப மேனேஜர் நான். அந்த ஒரு வாக்கை என்னால் காப்பாற்ற முடியும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டாரை நிற்க வைத்தால் அது அன்றோடு முடியாது. பெண் அங்கே வாழ்கிற வரைக்கும் பேசுவார்கள்.

பதிமூன்றாம் தேதி முகூர்த்தம் குறித்தோம். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அன்று மண்டபத்தில் வேறு ஒரு கல்யாணப் பந்தி. பெரிய மனுஷர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அவர் என் தோளில் கை போட்டார். "இவன் பொண்ணுக்கு மண்டபம் நான் சும்மா தர்றேன். என் வூட்டுக் கல்யாணம் இது" என்றார். எல்லாரும் ஆகா என்றார்கள். நான் கும்பிட்டேன். நான் வாடகைக்குத்தான் கேட்கப் போனேன்.

அன்றே பிரவுசிங் சென்டருக்குப் போன் செய்து பதிமூன்றைச் சிவப்பாக்கச் சொன்னேன். ஆக்கினாள். பன்னிரண்டு பச்சையாக இருந்தது. அது முதலாளி உத்தரவு.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு பாய் மண்டபத்துக்கு வந்தார். வெள்ளைத் தாடி, துபாய்ச் செண்டு. மச்சானையும் கூட்டி வந்திருந்தார். மண்டபம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கக் கொட்டகையைப் பார்த்து, "இங்க ஆறு பிரியாணி தேக்சா வக்கலாம்ல?" என்றார்.

"எந்தத் தேதிங்க பாய்?"

"என்னா தம்பி இப்புடிக் கேக்கறீங்க? பன்னெண்டாந் தேதிதான். காலைல ஊர்ல பள்ளிவாசல்ல மவனுக்கு நிக்காஹ். சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க வலிமா விருந்து. இன்ஷா அல்லாஹ், ஆயிரம் பேரு வருவாங்க."

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"பன்னெண்டு சாயங்காலம் எங்களதுங்க."

"உங்களதுன்னா?"

"எம் பொண்ணு கல்யாணம்."

"அது பதிமூணுல்ல?"

"பதிமூணுதாங்க. பதிமூணுன்னா பன்னெண்டு சாயங்காலத்துலேர்ந்து."

பாய் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் துபாய்ல ரூம்ல உக்காந்து என் கண்ணால பாத்தேன். பதிமூணு செவப்பு. பன்னெண்டு பச்சை. உங்க மொதலாளிக்கே போன் போட்டேன். 'பச்சையா இருக்கா, அப்ப உங்களுதுதான் பாய்'னாரு. பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு. சவுதியிலேர்ந்து தம்பி லீவு போட்டு வந்து எறங்கிட்டான். இப்பப் போய் பதிமூணுன்னா பன்னெண்டுங்கறீங்க. இது எந்த ஊரு கணக்கு?"

எந்த ஊர்க் கணக்கு. இந்த ஊர்க் கணக்குதான். ஆனால் அவர் எங்கே போய்ப் படிப்பார்? அது எங்கேயும் எழுதி இல்லை. எழுதியிருந்த இடத்தில் ஒருவர் கை கூப்பி நின்றுகொண்டிருக்கிறார். பாய் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் வாசித்ததை நம்பினார். வாசிக்கிறவன் வேறு என்ன செய்வான்?

முதலாளி வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் இருந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"அந்தப் பாய் வெளிநாட்டுப் பார்ட்டி. நாலு பேருக்குச் சொல்லுவாரு. அவருகிட்ட இல்லன்னு சொல்ல முடியாது. நீ நம்ம ஆளு. கொஞ்சம் அனுசரிச்சுக்க."

"மாப்ள வூட்டுக்காரங்க ஆறு மணிக்கு வராங்கய்யா."

"எட்டு மணிக்கு வரச் சொல்லு."

"அழைப்பு நேரம் பத்திரிகைல போட்டாச்சு."

"பத்திரிகைல போட்டா என்ன, கல்வெட்டா?"

"அந்த வரி இருந்திருந்தா இது வந்திருக்காதுங்க."

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

"இத பார்றா. மண்டபம் உனக்குச் சும்மா குடுத்தது. தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கறியா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாடகைக்கு எடுத்திருந்தால் நான் ஒரு பார்ட்டி. அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கும். சும்மா வாங்கினதால் நான் அனுசரிக்கிறவன். பத்துப் பேர் முன்னால் தோளில் போட்ட கை அதற்குத்தான்.

வேறு மண்டபம் தேடினேன். பெரம்பலூரில் பன்னிரண்டு மாலை ஒரு மண்டபமும் காலி இல்லை. எல்லா மண்டபத்திலும் பதிமூன்றாம் தேதிக்காரர்கள். பாயும் தேடினார். அவருக்கும் அதே பதில்தான். திரும்பி வந்து சொன்னார்.

"தம்பி, நெசந்தான். இந்த ஊருல பன்னெண்டாந் தேதிங்கறதே இல்ல போலருக்கு. நான் ஒண்ணு பண்றேன். விருந்த மூணரைக்கே ஆரம்பிச்சிடறேன். ஏழு மணிக்குக் காலி பண்ணப் பாக்கறோம். அதுக்கு மேல என்னால ஆவாது. வர்ற ஆளுங்கள வெரட்ட முடியாதுல்ல?"

"முடியாதுங்க பாய்" என்றேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"பன்னெண்டு வருசமா ஊருல உள்ளவன் வூட்டு மாப்ளைக்கெல்லாம் வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சீங்க. நம்ம மாப்ள வர்றப்ப வாசலே இல்லயா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். 

சம்பந்திக்குப் போன் செய்தேன். வருகிற வழியில் கல்லங்குறிச்சியில் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்றேன். காரணமும் சொன்னேன்.  அவர், "சாமி கும்பிடச் சொல்றீங்க. வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்றார். அதில் இருந்த குத்தல் எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டாம் தேதி வந்தது. மூன்றரைக்கு விருந்து ஆரம்பிக்கும் என்று பாய் சொல்லியும் சனம் ஐந்துக்குத்தான் திரண்டது. பத்திரிகையில் ஐந்து என்று இருந்தது. அவர்களும் வாசித்ததை நம்பினவர்கள்தான். மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் வாசலில் நின்றேன். வாசல் வளைவில் எங்கள் மாப்பிள்ளை பெயர் வைக்க முடியவில்லை. அவர்கள் மாப்பிள்ளை பெயர் இருந்தது. எங்கள் வாழை மரம் இரண்டும் பக்கத்து ஒர்க்‌ஷாப் சுவரில் சாய்ந்து கிடந்தன. நாங்கள் பேசியிருந்த மேளக்காரர்கள் மதகில் உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரர் என்னைக் கூப்பிட்டார். "வாசிக்கலாமா, வேணாமா? ஒரு முடிவு சொல்லுங்க. சீவாளி காயுது."

ஏழுக்கு முன்னாலேயே மீன்சுருட்டி வண்டிகள் வந்துவிட்டன. ரெண்டு பஸ், ஒரு வேன், மாப்பிள்ளை கார். வாசலில் நிறுத்த இடம் இல்லை. ரோட்டோரம் வரிசையாக நின்றன. சனம் இறங்கியது. பட்டுப் புடவையும் தட்டுமாகத் தார் ரோட்டில் நின்றது. அரியலூர் லாரிகள் சிமெண்டுப் புழுதியோடு அவர்களை உரசிக்கொண்டு போயின.

சம்பந்தி என்னிடம் வந்தார்.

"பெருமாள எவ்வளவு நேரந்தாங்க பாக்கறது? நட சாத்தறேன், கெளம்புங்கன்னு அவரே சொல்லிட்டாரு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய தங்கை ஒருத்தி குரலை உயர்த்தினாள். "அண்ணே, பிரியாணி மணக்குது. நமக்குத்தானா, இல்ல வேற பந்தியா? கேட்டுச் சொல்லு, பசிக்குது."

மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவில்லை. கழுத்தில் மாலை. கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தான். என் மகள் ஒர்க்‌ஷாப்காரர் வீட்டு உள்ரூமில் உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் உள்தாழ்ப்பாள் போட்ட பெண் அறை வேறு ஒரு பெண்ணுக்கு.

அந்த நேரத்தில் முதலாளி வந்தார். அம்பாசிடரில் வந்து இறங்கினார். சந்தனப் பொட்டு. பட்டுச் சட்டை. அதே சட்டைதான். நேராக வாசலுக்குப் போய் நடுவில் நின்றார். கை கூப்பினார். விருந்து முடித்து வெளியே வருகிற பாய்மார்களுக்குக் கும்பிட்டார். திரும்பி, ரோட்டில் நிற்கிற என் சம்பந்திக்கும் கும்பிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது, உள்ளே இடம் இல்லை. வெறுமனே கும்பிட்டபடி நின்றார்.

திரையில் பார்த்த போட்டோ அப்படியே வாசலில் நின்றது. ஒரு சேதியும் சொல்லாமல், வழியை மறித்துக்கொண்டு. என் கை மடங்கியது. பெண்ணைப் பெற்றவன். மடங்கின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

பாய்தான் கடைசிப் பந்தியை விரட்டினார். அவருடைய மச்சான்மார் வாளியும் துடைப்பமுமாக எங்கள் ஆட்களோடு சேர்ந்து இலை எடுத்தார்கள். கூடம் கழுவினார்கள். போகும்போது பாய் சம்பந்தியிடம் நின்றார். "உங்க எடத்துல நான் நின்னுட்டேன். எனக்குத் தெரியாது. மனசுல வச்சுக்காதீங்க." சம்பந்தி, "உங்கமேல என்னங்க இருக்கு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முழுக்கவும் இருந்தது.

ரெண்டு மணி நேரம் தாமதமாக மாப்பிள்ளை உள்ளே வந்தான். மேளம் வாசித்தார்கள். தரை ஈரம். சாம்பிராணி போட்டும் மசாலா வாசனை போகவில்லை. விடிந்து தாலி ஏறியது. அதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பெண் எழுந்து நின்றாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்ன ஊர்.

"அண்ணே, நான் அப்பவே சொன்னேன்..."

"சொன்ன. அந்த வரி இன்னும் இருக்கா?"

"எடுத்து வச்சிருக்கேன்."

"போடு."

"எங்க போடறது? அங்க சார் போட்டோ இருக்கே."

"அத எடு."

"திட்டுவாரே?"

"திட்டட்டும்."

"உங்க வேலைக்கு..."

"எடும்மா."

எடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கை கூப்பின ஆள் போய், வரி வந்தது. அவள் ஒரு தடவை சத்தம் போட்டு வாசித்தாள். சரியா என்று கேட்டாள். இன்னொன்று சேர்க்கச் சொன்னேன். யோசித்து யோசித்துச் சொன்னேன், அவள் எழுதினாள். 'முகூர்த்தம் இல்லாத விருந்து என்றால் எந்த மாலை என்று போனில் கேட்டுக்கொள்ளவும்.' நாதஸ்வரத்தையும் எடுத்துவிடட்டுமா என்றாள். அது அவர் ஆசை, இருக்கட்டும் என்றேன். அது யார் வழியையும் மறிக்கவில்லை.

முதலாளிக்கு ஒரு மாசம் தெரியவில்லை. அவர் அந்த வெப்சைட்டைத் திறந்தே பார்ப்பதில்லை. மெட்ராஸிலிருந்து வந்த மருமகன் பார்த்துச் சொன்னான். ஆபீஸ் ரூமுக்கு வந்தார். நான் போனில் இருந்தேன். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவர் இலைக் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கிற வரை நின்றார்.

"என் போட்டோ எங்கடா?"

"எடுத்துட்டேங்க."

"யாரக் கேட்டு?"

"அந்த எடத்துல ஒரு வரி வேண்டியிருந்துச்சு."

"அது என் மண்டபம். என் வெப்சைட்டு."

"ஆமாங்க. படிக்கறது நீங்க இல்லையே."

அவர் முகம் சிவந்தது. சும்மா கொடுத்த மண்டபத்தைச் சொன்னார். மண்டியிலிருந்து தூக்கி விட்டதைச் சொன்னார். நன்றி கெட்டவன் என்றார். எல்லாவற்றையும் கேட்டேன். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தேன். மோட்டார் ரூம் சாவி தனியாக இருந்தது, அதையும் வைத்தேன். ஜெனரேட்டரில் டீசல் குறைவாக இருக்கிறது என்று சொன்னேன். வெளியே வந்தேன்.

இப்போது பாடாலூரில் ரோட்டோரம் சாமியானா, சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். கடை சின்னது. போர்டில் படம் இல்லை. என்ன கிடைக்கும், எத்தனை மணிக்கு வண்டி வரும், எத்தனை மணிக்குத் திரும்ப எடுப்போம் என்று எழுதியிருக்கிறேன். எழுத்துக்காரர் மேலே ஒரு 'நல்வரவு' போடலாம் என்றார். வேண்டாம் என்றேன். யாராவது வந்து தேதி சொன்னால், "சாயங்காலமா, காலையா?" என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

மண்டபத்து வெப்சைட்டில் போட்டோ திரும்ப வந்துவிட்டது. பிரவுசிங் சென்டர் பெண் சொன்னாள். பிடிவாதமாகப் பேசி அந்த வரியை மட்டும் போட்டோவுக்குக் கீழே வைத்திருக்கிறாளாம், சின்ன எழுத்தில். கீழே இழுத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மீன்சுருட்டியில் என் மகளுக்கு ரெண்டு பிள்ளைகள். நல்லபடியாகத்தான் இருக்கிறாள். போன தைக்குப் போயிருந்தேன். அவள் நாத்தனாருக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரில் கல்யாணம் என்று பேச்சு வந்தது. சம்பந்தியின் தங்கை என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க வேணா வைங்க. ரோட்டுல மட்டும் வேணாம்."

என் மகள் காபி டம்ளரோடு நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள்.